லாட்ஜ் தளத்துக்கு முதல் ப்ளகின்: எலும்புக்கூடு இறக்கலாமா, வெறும் கோப்பிலிருந்து தொடங்கலாமா?

பாலாற்று மணல் எழுதியது:
வணக்கம். வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜுக்கு வேர்ட்பிரஸ் தளம். 6 வகை அறை. ஒவ்வொன்றுக்கும் வாடகை, இன்று எத்தனை காலி என்ற எண், ஒரு படம். இவ்வளவுதான் தேவை. இதற்கான கோடு (நிரல்) முழுக்கத் தீமின், அதாவது தளத்தின் தோற்றப் பொதியின், ஃபங்ஷன்ஸ் கோப்பில் இருந்தது, தீம் அப்டேட்டில் அடித்துக்கொண்டு போய்விட்டது. பேக்கப் இருக்கிறது. இனி தனி ப்ளகினாக (தளத்தில் தனியே மாட்டும் துணை நிரல்) வைக்க வேண்டும். கேள்வி மூன்று: நெட்டில் கிடைக்கும் ரெடிமேட் எலும்புக்கூட்டை, அதாவது அடிப்படைக் கோப்புகள் மட்டும் உள்ள ப்ளகினை, எடுப்பதா? பெயர்களைத் தமிழில் வைக்கலாமா? வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து தங்குகிறவர்களில் வங்காளம், இந்தி பேசுகிறவர்கள் நிறைய, அவர்களுக்கும் எப்படிக் காட்டுவது? விண்டோஸ், நோட்பேட்தான் கைவசம்.

கோட்டை அகழி எழுதியது:
முதலில் ஒன்று: ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். கோப்பில் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து, நான் அடிக்கோடு போட்ட இடத்தில் அடிக்கோடு.

டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் ப்ளகின்ஸ், அதற்குள் உங்கள் ஃபோல்டர் ஒன்று. அதே பெயரில் ஒரு பிஎச்பி கோப்பு. கோப்பின் தொடக்கத்தில் ஒரு கமென்ட், அதில் ‘ப்ளகின் நேம்’ என்ற ஒரே வரி போதும், பட்டியலில் வந்துவிடும். மற்றவை உங்கள் வசதிக்கு: வெர்ஷன், குறைந்தபட்ச பிஎச்பி, டெக்ஸ்ட் டொமைன் (மொழிபெயர்ப்புக்கான அடையாளப் பெயர்). வேர்ட்பிரஸ் கோப்பின் முதல் 8 கேபி மட்டும் படித்துத்தான் இதைத் தேடும். மேலே நீளமாக லைசென்ஸ் உரையை ஒட்டிவிட்டு, ‘ப்ளகின் காணோமே’ என்று தேடக்கூடாது. இன்னொன்று, ப்ளகின்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு படி மட்டுமே இறங்கிப் பார்க்கும். விண்டோஸில் ஜிப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் உருவாகுமே, அப்படி ஏற்றினால் கண்ணில் படாது.

அடுத்த வரி: ‘ஏபிஎஸ்பாத்’ டிஃபைன் ஆகவில்லை என்றால் எக்ஸிட். யாராவது கோப்பின் முகவரியை நேராக பிரவுசரில் தட்டினால் எர்ரரும் சர்வர் பாதையும் வெளியே தெரியாமல் இருக்க.

பிறகு முன்னொட்டு. உங்கள் ஃபங்ஷன், ஆப்ஷன், மெட்டா எல்லாவற்றுக்கும் ஒரே முன்னொட்டு, நாலைந்து எழுத்தாவது. ‘ஷோ_ரூம்ஸ்’ என்று மொட்டையாக வைத்து, வேறொரு புக்கிங் ப்ளகினிலும் அதே பெயர் இருந்தால் ‘கேனாட் ரீடிக்ளேர்’ என்று தளமே நின்றுவிடும். உங்களுக்கு ‘விஎல்டிஜி_’ என்று வைத்துக்கொள்வோம்.

ஆற்காடு மக்கன்பேடா எழுதியது:
எலும்புக்கூடு வேண்டாம் என்பது என் கட்சி. பரவலாகப் புழங்கும் ‘ப்ளகின் பாய்லர்ப்ளேட்’டில் அட்மின், பப்ளிக், இன்க்ளூட்ஸ், லாங்வேஜஸ் என்று நாலு ஃபோல்டர், ஹூக்குகளை (வேர்ட்பிரஸ் ஓடும்போது நம் ஃபங்ஷனை மாட்டும் இடங்கள்) சேர்த்து வைத்து ஓட்ட தனி லோடர் கிளாஸ், ஆக்டிவேட்டர் கிளாஸ், டீஆக்டிவேட்டர் கிளாஸ். பெரிய வேலைக்கு ஒழுங்கான அமைப்புதான். 6 அறைக்கு இது கல்யாண மண்டபம் பிடிப்பது. அதில் எது தப்பானாலும் லோடருக்குள் புகுந்து தேடணும், புதுசாக வருகிறவருக்கு ஹூக் எங்கே மாட்டியிருக்கு என்றே தெரியாது.

கமாண்ட் லைன் இருந்தால் டபிள்யூபி-சிஎல்ஐ-யில் (வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் கருவி) ‘டபிள்யூபி ஸ்காஃபோல்ட் ப்ளகின்’ கட்டளை போட்டு, கூடவே ‘ஸ்கிப்-டெஸ்ட்ஸ்’ என்ற தேர்வைக் கொடுங்கள். தலைப்புக் கமென்ட்டோடு கோப்பு, ரீட்மீ எல்லாம் கொடுத்துவிடும். கிரன்ட் கோப்பும் பேக்கேஜ் ஜேசனும் உங்களுக்கு வேண்டாம், அழித்துவிடலாம்.

கோட்டை அகழி எழுதியது:
ஒத்துக்கொள்கிறேன். பிளாக் எடிட்டருக்குப் புது பிளாக் செய்வதாக இருந்தால் மட்டும் ‘கிரியேட்-பிளாக்’ கருவி தேவை. உங்களுக்கு ஷார்ட்கோடே (பக்கத்தில் சதுர அடைப்புக்குள் எழுதும் குறிச்சொல்) போதும். தனி டேபிளும் வேண்டாம். அறை என்பது ஒரு போஸ்ட் டைப் (பதிவு வகை), வாடகையும் காலி எண்ணும் போஸ்ட் மெட்டா (பதிவோடு சேமிக்கும் கூடுதல் விவரம்).

‘ரெஜிஸ்டர்_போஸ்ட்_டைப்’ஐ ‘இனிட்’ ஹூக்கில் மாட்டுங்கள். பப்ளிக் ட்ரூ, ‘ஷோ_இன்_ரெஸ்ட்’ ட்ரூ. இது இல்லையென்றால் பழைய எடிட்டர்தான் திறக்கும். சப்போர்ட்ஸில் டைட்டில், எடிட்டர், தம்ப்நெயில். மெட்டாவை ரெஸ்ட் (வேறு நிரல்கள் தளத்தின் தரவைக் கேட்டு வாங்கும் முறை) வழியாக எடுக்கப் போகிறீர்கள் என்றால் ‘கஸ்டம்-ஃபீல்ட்ஸ்’ம் சேர்க்கணும், அது இல்லாமல் மெட்டா அங்கே தலைகாட்டாது.

இப்போது எல்லோரும் விழுகிற குழி. அறையைச் சேர்த்து ‘பார்’ என்று அழுத்தினால் 404. காரணம் இது. முகவரி விதிகளை வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் சேமித்து வைத்திருக்கிறது. புது டைப் வந்தால் அதை ஒருமுறை புதுப்பிக்கணும். சரியென்று ஆக்டிவேஷன் ஹூக்கில் ‘ஃப்ளஷ்_ரீரைட்_ரூல்ஸ்’ மட்டும் போடுவார்கள். அப்போதும் 404. ஏனென்றால் ஆக்டிவேட் பொத்தானை அழுத்திய அந்த ஓட்டத்தில் ‘இனிட்’ ஏற்கனவே முடிந்த பிறகுதான் உங்கள் கோப்பே உள்ளே வருகிறது. உங்கள் டைப் இன்னும் பதிவாகவே இல்லை, இல்லாத ஒன்றுக்கு விதி எப்படி எழுதும்? ஆகவே ஆக்டிவேஷன் ஃபங்ஷனுக்குள் முதலில் டைப் பதியும் உங்கள் ஃபங்ஷனை நேராகக் கூப்பிடுங்கள், அடுத்த வரியில் ஃப்ளஷ். டீஆக்டிவேஷனில் ‘அன்ரெஜிஸ்டர்_போஸ்ட்_டைப்’, பிறகு ஃப்ளஷ்.

ஃப்ளஷை ‘இனிட்’டிலேயே போட்டுவிட்டால் வேலை செய்யும்தான், ஆனால் ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் விதிப்பட்டியல் முழுவதையும் திரும்ப எழுதும். மலிவு ஹோஸ்டிங்கில் தளம் மாட்டுவண்டி ஆகிவிடும். அவசரத்துக்கு செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கம் போய் எதையும் மாற்றாமல் சேமித்தாலே போதும்.

‘ஹேஸ்_ஆர்கைவ்’க்கு (எல்லா அறைகளையும் பட்டியலிடும் பக்கம்) ‘ரூம்ஸ்’ என்று கொடுத்து, அதே முகவரியில் ஏற்கனவே ஒரு பேஜும் இருந்தால் ஆர்கைவ்தான் ஜெயிக்கும். நீங்கள் பேஜைத் திருத்தித் திருத்திப் பார்ப்பீர்கள், ஒன்றும் மாறாது.

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:
தமிழ்ப் பெயர் பற்றி யாரும் சொல்லவில்லை, அதுதான் நமக்கு முக்கியம்.

போஸ்ட் டைப்பின் உள்பெயர் ‘அறை’ என்று தமிழில் வைக்கவே முடியாது. அது ‘சானிடைஸ்_கீ’ வழியாகப் போகிறது. அந்த ஃபங்ஷன் ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், இடைக்கோடு, அடிக்கோடு தவிர மற்ற எல்லாவற்றையும் உதிர்த்துவிடும். ‘அறை’யில் மிஞ்சுவது வெறும் காலி. உடனே ‘பெயர் 1 முதல் 20 எழுத்துக்குள் இருக்கணும்’ என்று எச்சரிக்கை வரும், நீங்கள் இரண்டெழுத்துப் பெயரை வைத்துக்கொண்டு முழிப்பீர்கள். உள்பெயர் ‘விஎல்டிஜி_ரூம்’, 9 எழுத்து. மெனுவில் தெரியும் லேபிளில் ‘அறைகள்’ என்று தாராளமாகத் தமிழ் போடலாம்.

அடுத்தது ஸ்லக், அதாவது முகவரியின் கடைசியில் வரும் பெயர். தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரி சதவீதக் குறிகளாக மாறும். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 எழுத்து, ஆக ஒரு குறிக்கு 9. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிதான். ‘வேலூர்’ என்று கண்ணுக்கு மூன்று எழுத்து, கணக்குக்கு 6 குறி, 54 இடம். ஸ்லக்குக்கு மொத்த இடம் 200. அதாவது 22 குறிக்கு மேல் நிற்காது. ‘குளிர்சாதன வசதியுள்ள இரட்டைப் படுக்கை அறை’ என்று தலைப்பு வைத்தால் ஸ்லக் ‘இரட’ என்ற இடத்தில் வெட்டுப்படும். இதே தொடக்கத்தோடு இரண்டாவது அறை வந்தால் அதற்கும் அதே ஸ்லக், பின்னால் ஒரு 2. வாட்சப்பில் அனுப்பினால் பாதித்திரைக்கு சதவீதக் குறி. தலைப்பு தமிழில் இருக்கட்டும், ஸ்லக்கை மட்டும் ‘ஏசி-டபுள்’ என்று ஆங்கிலத்தில் கையால் மாற்றிவிடுங்கள்.

நோட்பேட் என்றீர்கள். ஆக்டிவேட் செய்யும்போது ‘3 எழுத்துகள் எதிர்பாராமல் வெளிவந்தன’ என்று செய்தி வந்தால் கோட்டில் தேட வேண்டாம். அந்த 3 என்பது பிஓஎம், கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் உட்காரும் 3 பைட். பழைய நோட்பேட் யூடிஎஃப்-8 என்று சேமித்தால் இதையும் சேர்த்துத்தான் எழுதும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்துதான் பிஓஎம் இல்லாதது இயல்பானது. விஎஸ் கோட் அல்லது நோட்பேட்++ எடுத்து ‘பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8’ என்று சேமியுங்கள். வேறு எண்ணிக்கை வந்தால், பிஎச்பி திறக்கும் குறிக்கு முன்போ மூடும் குறிக்குப் பின்போ வெற்றிடம் இருக்கும். மூடும் குறியை எழுதவே எழுதாதீர்கள், பிஎச்பிக்கு அது தேவையில்லை.

சத்துவாச்சாரி சிக்னல் எழுதியது:
வாடகையைச் சேமிக்கும் இடத்தைக் கவனியுங்கள். ‘சேவ்_போஸ்ட்’ ஹூக்கில் வரிசையாக: ஆட்டோசேவ் என்றால் திரும்பு, நான்ஸ் (படிவத்தோடு வரும் பாதுகாப்புக் குறி) சரியில்லை என்றால் திரும்பு, ‘கரன்ட்_யூசர்_கேன்’ வைத்து இந்தப் போஸ்ட்டைத் திருத்த உரிமை இல்லை என்றால் திரும்பு. நான்ஸ் இருக்கிறதே என்று உரிமைச் சோதனையை விடக்கூடாது. ‘இந்த விண்ணப்பம் நம் பக்கத்திலிருந்து வந்ததா’ என்பதைத்தான் நான்ஸ் சொல்லும், அனுப்பியவருக்கு அதிகாரம் உண்டா என்று அதற்குத் தெரியாது.

எண்ணுக்கு ‘ஆப்ஸிண்ட்’ (எதையும் முழு எண்ணாக்கும் ஃபங்ஷன்) போடச் சொல்வார்கள். போடுங்கள், ஆனால் அதற்கு முன் கமாவை எடுத்துவிடுங்கள். ரிசப்ஷனில் இருப்பவர் 1,200 என்று கமாவோடுதான் தட்டுவார். பிஎச்பி கமாவைக் கண்டதும் நின்றுவிடும், வாடகை 1 ரூபாய். அக்னி நட்சத்திரத்தில் ஏசி அறை ஒரு ரூபாய் என்றால் வேலூரே வந்து நிற்கும்.

வெளியே காட்டும்போது உரைக்கு ‘எஸ்க்_எச்டிஎம்எல்’, ஆட்ரிபியூட்டுக்கு ‘எஸ்க்_ஆட்ர்’, முகவரிக்கு ‘எஸ்க்_யூஆர்எல்’. சேமிக்கும்போது சுத்தம் செய்தோமே என்று இதை விடக்கூடாது. டேட்டாபேஸுக்குள் வேறு வழியிலும் ஏதாவது வந்திருக்கும்.

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:
‘எஸ்க்_எச்டிஎம்எல்’ என்றதும் நினைவுக்கு வந்தது. அறை விவரத்தை 60 எழுத்தில் சுருக்க ‘சப்ஸ்டர்’ பயன்படுத்தினால் சில அறைகளில் விவரமே வராது, வெறும் காலி. எர்ரரும் இருக்காது. ‘சப்ஸ்டர்’ பைட்டை எண்ணும். 3 பைட் குறியின் நடுவில் வெட்டினால் அது செல்லாத யூடிஎஃப்-8. செல்லாத உரை கிடைத்தால் ‘எஸ்க்_எச்டிஎம்எல்’ முழுவதையும் காலியாக்கித் திருப்பும். ‘எம்பி_சப்ஸ்டர்’ போட்டால் இந்தப் பிரச்சினை தீரும், ஆனால் ‘கி’யை ‘க’ என்று வெட்டிவிடலாம். சர்வரில் இன்டல் எக்ஸ்டென்ஷன் இருந்தால் ‘கிராஃபீம்_சப்ஸ்டர்’ உயிர்மெய்யைச் சேர்த்தே எண்ணும். அதெல்லாம் எதற்கு என்றால் ‘டபிள்யூபி_ட்ரிம்_வேர்ட்ஸ்’ போட்டு 10 சொல் என்று வெட்டுங்கள். தமிழில் சொல்லுக்கு நடுவே வெட்டினால் எப்படியும் படிக்க நன்றாக இராது.

பாலாற்று மணல் எழுதியது:
நன்றி சார், ஒவ்வொன்றாக முடித்துவிட்டேன். ஷார்ட்கோடு பக்கத்தில் வருகிறது, ஆனால் அறிமுகப் பத்திக்கு மேலே போய் உட்காருகிறது. 6 அறைக்கு 5 மட்டும் வருகிறது. ‘இன்றைய நிலவரம்’ என்று போட்ட தேதி விடியற்காலையில் முந்தைய நாளைக் காட்டுகிறது.

கோட்டை அகழி எழுதியது:
மூன்றும் தனித்தனிக் காரணம்.

மேலே போவது: ஷார்ட்கோடு ஃபங்ஷனுக்குள் ‘எக்கோ’ போட்டிருப்பீர்கள். வேர்ட்பிரஸ் முழுப் பக்க உரையையும் தயாரித்து முடித்துத்தான் அச்சிடும். தயாரிக்கும் நேரத்திலேயே நீங்கள் எக்கோ செய்தால் அது முந்திக்கொண்டு வெளியே போய்விடும். எல்லாவற்றையும் ஒரு ஸ்ட்ரிங்கில் சேர்த்துக் கடைசியில் ‘ரிட்டர்ன்’ செய்யுங்கள். எச்டிஎம்எல் நீளம் என்றால் ‘ஓபி_ஸ்டார்ட்’, முடிவில் ‘ஓபி_கெட்_க்ளீன்’.

5 மட்டும்: ‘கெட்_போஸ்ட்ஸ்’ நீங்கள் எண்ணிக்கை சொல்லவில்லையென்றால் 5-தான் தரும். ‘நம்பர்போஸ்ட்ஸ்’ மைனஸ் 1.

தேதி: பிஎச்பியின் ‘டேட்’ போட்டிருக்கிறீர்கள். வேர்ட்பிரஸ் உள்ளே பிஎச்பியின் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) வைக்கிறது. நமக்கு அது ஐந்தரை மணி பின்னால். ஆகவே நள்ளிரவு 12-லிருந்து காலை 5:30 வரை நேற்றைய தேதி. செட்டிங்ஸில் நேர மண்டலமாகக் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்து, ‘டேட்’ இருந்த இடத்தில் ‘டபிள்யூபி_டேட்’ எழுதுங்கள். வேர்ட்பிரஸ் 5.3-லிருந்து இருக்கிறது.

ரத்தினகிரி படிக்கட்டு எழுதியது:
கேஷ் ப்ளகின் இருக்கிறதா என்று பாருங்கள். காலி எண்ணை 0 ஆக்கியும் வெளியே 2 என்று தெரிந்தால் உங்கள் கோட்டில் தப்பில்லை. பழைய பக்கத்தைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கும். அறைகள் பக்கத்தை மட்டும் கேஷிலிருந்து விலக்கினால் போதும்.

ஷார்ட்கோடை வாட்சப்பிலிருந்து காப்பி செய்து ஒட்ட வேண்டாம். வளைந்த மேற்கோள் குறி வந்தால் ஆட்ரிபியூட் மதிப்பு கெட்டுவிடும்.

டீபக் (பிழை தேடுவது) எப்படி என்று யாரும் சொல்லவில்லை: டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில், ‘திருத்துவதை நிறுத்துங்கள்’ என்ற கமென்ட்டுக்கு மேலே, ‘டபிள்யூபி_டீபக்’ ட்ரூ, ‘டபிள்யூபி_டீபக்_லாக்’ ட்ரூ, ‘டபிள்யூபி_டீபக்_டிஸ்ப்ளே’ ஃபால்ஸ். அந்த வரிக்குக் கீழே போட்டால் காரியம் ஆகாது. லாக் இயல்பாக டபிள்யூபி-கன்டென்ட்டுக்குள் விழும், முகவரி தெரிந்தவர் யாரும் பிரவுசரில் படிக்கலாம். 5.1-லிருந்து ட்ரூவுக்குப் பதில் ஒரு பாதையைக் கொடுக்கலாம், பப்ளிக் ஃபோல்டருக்கு வெளியே ஒரு பாதை கொடுங்கள்.

தளம் வெள்ளையாகிவிட்டால் 5.2-லிருந்து அட்மின் மெயிலுக்கு ரிகவரி லிங்க் வரும். மெயில் வரவில்லையென்றால் ஃபைல் மேனேஜரில் ப்ளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், வேர்ட்பிரஸ் தானாக அதை நிறுத்திவிடும்.

விண்டோஸில் ஓடி, சர்வரில் ‘கோப்பு இல்லை’ என்று வந்தால் பெயரில் பெரிய எழுத்து கலந்திருக்கும். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

ஆற்காடு மக்கன்பேடா எழுதியது:
மொழி விஷயம். டெக்ஸ்ட் டொமைன் போட்டுவிட்டால் வங்காளத்தில் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வேர்ட்பிரஸில் மொழி தளத்துக்கு ஒன்று, வருகிறவருக்கு ஒன்றல்ல. ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பக்கம் வைத்து, ஷார்ட்கோடில் ‘மொழி’க்கு ஓர் ஆட்ரிபியூட் கொடுங்கள், பெயர் சின்ன எழுத்தில்தான். ஃபங்ஷனுக்குள் ‘ஸ்விட்ச்_டு_லோகேல்’, முடிவில் ‘ரிஸ்டோர்_ப்ரீவியஸ்_லோகேல்’. தளத்தில் அந்த மொழிப் பொதி இல்லையென்றால் ஸ்விட்ச் ஃபால்ஸ் என்று திரும்பி சும்மா இருந்துவிடும். செட்டிங்ஸ் ஜெனரலில் ஒருமுறை வங்காளத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமித்து, பிறகு தமிழுக்குத் திரும்பினால் பொதி இறங்கியிருக்கும். குறியீடு வங்காளத்துக்கு ‘பிஎன்_பிடி’, இந்திக்கு ‘எச்ஐ_ஐஎன்’, நமக்கு ‘டிஏ_ஐஎன்’.

மொழிபெயர்ப்பு ஃபங்ஷனை ‘இனிட்’டுக்கு முன்னால், கோப்பின் வெளிப்பகுதியிலேயே கூப்பிட்டால் 6.7-லிருந்து ‘சீக்கிரமே கூப்பிட்டாய்’ என்று லாக் நிரம்பும். போஸ்ட் டைப் லேபிள்களை வெளியே ஒரு மாறியில் வைத்திருந்தால் அங்கிருந்துதான் வரும்.

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:
மொழிபெயர்க்கும் வாக்கியத்தைத் துண்டு துண்டாக ஒட்டாதீர்கள். ‘காட்பாடி’ என்ற மாறியோடு ‘இல்’ ஒட்டினால் ‘காட்பாடிஇல்’. நமக்கு அது காட்பாடியில், வேலூரில், ஆற்காட்டில். ஊருக்கு ஊர் வேற்றுமை மாறும், எந்த ஃபங்ஷனும் இதைச் செய்யாது. ‘இடம்: காட்பாடி’, ‘காலி: 2’ என்று பெயரும் மதிப்புமாக வைத்தால் தமிழ், வங்காளம், இந்தி மூன்றிலும் இலக்கணம் உதைக்காது. ஒருமை பன்மை வேண்டுமென்றால் ‘_என்’ ஃபங்ஷன்.

பாலாற்று மணல் எழுதியது:
எல்லாம் சரி. கடைசியாக, பேக்கப் எடுத்த தளத்தில் இந்த ப்ளகினை ஏற்றிப் பார்த்தேன். முதலில் ‘ஃபேட்டல் எர்ரர்’ என்று ஆக்டிவேட் ஆகவில்லை. தீமில் இருந்த பழைய கோடை எடுத்ததும் ஆனது. ஆனால் ஏற்கனவே போட்டிருந்த அறைகள் ஒன்றுகூட இல்லை.

கோட்டை அகழி எழுதியது:
எர்ரர் வந்தது ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருந்ததால். முன்னொட்டு எல்லாவற்றிலும் விழுந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள்.

அறைகள் எங்கேயும் போகவில்லை. தீமில் டைப்பின் உள்பெயர் ‘ரூம்’ என்று இருந்திருக்கும், இப்போது ‘விஎல்டிஜி_ரூம்’. பழைய வரிசைகள் டேபிளில் அப்படியே இருக்கின்றன, அந்தப் பெயரில் பதிவான டைப்தான் இல்லை. நம்ம ஊர்க் கோட்டை மாதிரி, சுவர் இருக்கு, ராஜா இல்லை. டேட்டாபேஸை பேக்கப் எடுத்துக்கொண்டு, பிஎச்பிமைஅட்மினில் போஸ்ட்ஸ் டேபிளைத் திறந்து, ‘போஸ்ட்_டைப்’ நெடுவரிசையில் ‘ரூம்’ என்று இருப்பதை மட்டும் ‘விஎல்டிஜி_ரூம்’ ஆக்கும் அப்டேட் கட்டளை ஒன்று போடுங்கள். ‘வேர்’ நிபந்தனை (எந்த வரிசைகளை மட்டும் என்று சொல்வது) விட்டுப்போனால் பேஜ், படம் எல்லாம் அறையாகிவிடும், கவனம். டேபிள் முன்னொட்டு ‘டபிள்யூபி_’ என்றுதான் இருக்கும் என்று நம்ப வேண்டாம், கான்ஃபிக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெட்டாவின் பெயரையும் மாற்றியிருந்தால் போஸ்ட்மெட்டா டேபிளில் ‘மெட்டா_கீ’க்கும் இதே வேலை. முடித்ததும் பெர்மாலிங்க்ஸ் பக்கத்தை ஒருமுறை சேமியுங்கள்.

சத்துவாச்சாரி சிக்னல் எழுதியது:
அழிக்கும் கோடு ஏதும் எழுதியிருந்தால் அதை டீஆக்டிவேஷனில் வைக்காதீர்கள். ஏதோ சோதனைக்காக நிறுத்தி ஓட்டுவார்கள், அதில் 6 அறையும் போய்விடும். ‘அன்இன்ஸ்டால்’ என்ற தனிக் கோப்பில், ‘டபிள்யூபி_அன்இன்ஸ்டால்_ப்ளகின்’ டிஃபைன் ஆகியிருந்தால் மட்டும் ஓடும்படி வையுங்கள். ப்ளகினை டெலீட் செய்தால்தான் அந்தக் கோப்பு ஓடும்.

பாலாற்று மணல் எழுதியது:
6 அறையும் வந்துவிட்டது, வாடகையோடு. ‘அன்இன்ஸ்டால்’ கோப்பு இப்போதைக்கு எழுதவில்லை.